அடையாற்றுக்கு வந்த கோபால்ட்

அடையாறு புற்றுநோய் நிலையத்தின் நடைகூடங்களில் காத்திருக்கும் வெளியூர் மக்களிடம், உள்ளே என்ன சிகிச்சை நடக்கிறது என்று கேட்டால், பலரும் ஒரே விடையைத் தருவர்: "கரண்டு வைக்கிறார்கள்." இத்தனை நாளைக்கு இத்தனை கரண்டு என்று மருத்துவர் சொல்லியிருப்பதாகவும், பாதி முடிந்துவிட்டதாகவும் கணக்குச் சொல்வர். நோயாளியின் உடலில் மின்சாரம் பாய்வதே இல்லை. பல்லாண்டுகள் அங்கே அவர்கள்மீது பாய்ந்தவை கோபால்ட் என்னும் உலோகத்திலிருந்து வெளிப்பட்ட காமா கதிர்கள். அணுவின் கருவிலிருந்து பிறந்தவை. நம் மக்கள் மின்சாரத்தை அறிவர். ஆதலால் அறியாத ஒன்றுக்கு அறிந்ததன் பெயரைச் சூட்டிக்கொண்டனர். அது நல்லதாகவே முடிந்தது எனலாம். 'அணு' என்ற சொல்லை அவர்களிடம் சொல்லியிருந்தால் எத்தனை பேர் அந்த அறைக்குள் படுக்கத் துணிந்திருப்பர் என்பது ஐயமே.

அச்சம் நியாயமானதுதான். அணு ஆற்றல் என்பது உலகுக்கு அறிமுகமானது 1945 ஆகஸ்டு 6-ஆம் நாள், ஆண்டவர் தோற்றம் மாறிய விழாவன்று, இரோசிமாவில். மூன்று நாள் கழித்து நாகசாகியில் விழுந்த குண்டு, உரகாமி என்னும் கத்தோலிக்கப் பகுதியின்மேல் வெடித்தது. பேராலயத்தில் அவ்வேளையில் ஒப்புரவு அருட்சாதனத்துக்காகக் கூடியிருந்தோரும் குருக்களும் மாண்டனர். அந்தப் பங்கைச் சேர்ந்த மருத்துவர் தகாசி நாகாயை நம் வாசகர்களில் சிலர் அறிந்திருப்பர். அவர் கதிரியல் மருத்துவர். பல்லாண்டுகள் எக்ஸ் கதிர்க் கருவிகளோடு பழகியதால் குண்டு விழுவதற்கு முன்னரே இரத்தப் புற்றுநோய்க்கு ஆளானவர். குண்டுக்கு மனைவியைப் பறிகொடுத்தார். காயம்பட்ட நிலையிலும் காயம்பட்டோருக்கு மருத்துவம் செய்தார். படுக்கையில் கிடந்தபடியே நூல்கள் எழுதினார். 1951 மே முதல் நாள் இறைவனடி சேர்ந்தார். அதே 1951-ஆம் ஆண்டின் இறுதியில், உலகின் மறுகோடியில், கனடா நாட்டில், அணு உலையில் செய்யப்பட்ட கோபால்ட்டின் கதிர்களால் முதன்முறையாகப் புற்றுநோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அந்தச் சிகிச்சை அடையாற்றையும் வந்தடைந்தது. அது வந்த கதையையே இங்குச் சொல்ல முற்படுகிறோம். அதனோடு ஒட்டிப் பிறந்த மற்றொரு கதையும் உண்டு. அதையும் மறைக்க இயலாது.

அடையாற்றில் 1917-இல் தோன்றியது இந்திய மாதர் சங்கம். அச்சங்கத்தின் முன்னணியில் நின்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. புதுக்கோட்டையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-இல் பட்டம் பெற்று, சட்டமன்றத்தில் அமர்ந்து தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய அவரது வரலாறு பலரும் அறிந்ததே. அவ்வளவாகப் பேசப்படாதது அவருடைய தங்கையின் மரணம். புற்றுநோயால் அத்தங்கை பட்ட வேதனையை மருத்துவரான தமக்கை அருகிலிருந்து பார்த்தார். எதுவும் செய்ய இயலவில்லை. அன்று முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், புற்றுநோய்க்கென ஒரு மருத்துவமனை வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டேயிருந்தார். புற்றுநோய் வந்தால் இறப்பதுதானே, அதற்கொரு மருத்துவமனை எதற்கு என்ற எண்ணமே அந்நாளில் அதிகார வட்டாரங்களில் இருந்தது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1934 முதல் பார்னார்டு கதிரியல் நிலையம் இயங்கி வந்தது உண்மையே. ஆயினும் நோயைக் கண்டறிவது, அறுப்பது, கதிர் தருவது, ஆராய்வது ஆகிய யாவும் ஒரே கூரையின்கீழ் நிகழ வேண்டும் என்பது முத்துலட்சுமி அம்மையாரின் பிடிவாதம்.

1952 அக்டோபர் 10-ஆம் நாள் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ஆம் நாள் பக்கிங்காம் கால்வாய்க் கரையில், பன்னிரண்டு படுக்கைகளோடு நிலையம் தொடங்கிற்று. அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி பொறுப்பேற்றார். மறு ஆண்டு ஏப்ரலில், அரசுப் பணியை வேண்டாமென்று விட்டு, டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். சர் சி. வி. இராமன் அவருக்குப் பாட்டனார் முறை. வானியல் அறிஞர் சந்திரசேகர் தாய்மாமன். இயற்பியலோடு உறவு கொண்ட அக்குடும்பத்தில் பிறந்தவர், இயற்பியலின் பயனை நோயாளியின் படுக்கைக்குக் கொண்டுவரும் இடத்தில் வந்து நின்றது தற்செயல் என்றாலும் பொருத்தமாகவே நமக்குத் தோன்றுகிறது.

அந்நாளில் மருத்துவர் கையில் இருந்தவை இரண்டு. ஒன்று ரேடியம், மற்றொன்று எக்ஸ் கதிர்க் கருவி. ரேடியத்தின் விலையைச் சொல்ல ஒரு நிகழ்ச்சி போதும். அதைக் கண்டுபிடித்த மேரி கியூரிக்கே ஆய்வுக்கு ரேடியம் இல்லாதிருந்தது. 1921-இல் அமெரிக்க நாட்டுப் பெண்கள் நிதி திரட்டி அவருக்கு வாங்கித் தந்தது ஒரே ஒரு கிராம். அதன் விலை ஓர் இலட்சம் டாலர். ஏழை நாட்டு மருத்துவமனை அதை எண்ணிப்பார்க்கவும் முடியாது. எக்ஸ் கதிர்க் கருவியோ இரண்டு, இரண்டரை இலட்சம் வோல்ட் அளவில் இயங்கியது. அதன் கதிர் உடலின் மேற்பரப்பிலேயே பெரும் ஆற்றலைக் கொட்டிவிடும். கருப்பையின் வாயிலில் இருக்கும் கட்டியைச் சென்றடைவதற்குள் மேல்தோல் வெந்து புண்ணாகிவிடும். நோயைக் காட்டிலும் சிகிச்சை கொடிது என்று நோயாளி ஓடிப்போவதில் வியப்பில்லை.

கோபால்ட் இந்தத் தடையை நீக்கியது. இயற்கையில் கிடைக்கும் கோபால்ட் கதிரியக்கம் அற்றது. கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் நீல நிறம் ஏற்றப் பயன்பட்டு வந்தது. ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளர் அந்தக் கனிமத்தை உருக்கும்போது நச்சுப்புகை எழுந்ததால், இது சுரங்கத்தில் வாழும் குட்டிப் பேயின் வேலை என்று நம்பினர்; அப்பேயின் பெயரே உலோகத்தின் பெயராயிற்று. அந்த உலோகத்தை அணு உலைக்குள் ஓராண்டு, ஈராண்டு வைத்திருந்தால், அதன் கரு ஒரு நியூட்ரானை ஏற்றுக்கொண்டு கோபால்ட்-60 ஆகிவிடும். அது நிலையற்றது. சிதையும்போது பத்து இலட்சம் எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட ஆற்றலுள்ள இரண்டு காமா கதிர்களை வெளியிடும். இவற்றின் உச்ச ஆற்றல் தோலில் இறங்குவதில்லை; தோலுக்குக் கீழே அரை சென்டிமீட்டர் ஆழத்தில்தான் இறங்குகிறது. தோல் பிழைக்கிறது, ஆழத்தில் உள்ள கட்டி அடிபடுகிறது. விரல் பருமனுள்ள ஓர் உலோகக் குப்பிக்குள் கிலோக்கணக்கான ரேடியத்துக்கு நிகரான கதிர்வீச்சு அடங்கிவிடுகிறது.

இதை முதலில் செய்து காட்டிய கனடா நாட்டு அறிஞர் ஹெரால்டு ஜான்ஸ் மறைப்பணியாளர் குடும்பத்தில் சீன நாட்டில் பிறந்தவர். சாஸ்கட்டூன் நகரில் அவர் குழு அமைத்த கருவியும், இலண்டன் என்றே பெயர் கொண்ட ஒன்டாரியோ மாநில நகரில் வேறொரு குழு அமைத்த கருவியும், 1951 அக்டோபர், நவம்பர் மாதங்களில் சில நாள் இடைவெளியில் பணியைத் தொடங்கின. செய்தித்தாள்கள் அக்கருவிக்கு இட்ட பெயர்தான் விந்தை: 'கோபால்ட் குண்டு'. அதற்கு முந்திய ஆண்டுதான் லியோ சிலார்டு என்னும் இயற்பியலார், ஹைட்ரஜன் குண்டைக் கோபால்ட்டால் போர்த்தி வெடித்தால் மாந்தர் இனமே எஞ்சாது என்று வானொலியில் எச்சரித்திருந்தார். அந்தக் கோபால்ட் குண்டுக்கும் நோயாளியைக் காத்த இந்தக் கோபால்ட் குண்டுக்கும் உலோகம் ஒன்றே, பெயரும் ஒன்றே.

கனடாவின் கோபால்ட் அந்நாளில் சாக் ரிவர் ஆய்வு நிலையத்தில், என்.ஆர்.எக்ஸ். என்னும் கன நீர் உலையில் விளைந்தது. போர்க்காலத்தில் குண்டுத் திட்டத்தின் கிளையாகத் தொடங்கப்பட்டு, போர் முடிந்தபின் 1947-இல் இயங்கிய உலை அது. 1952 டிசம்பரில் அதன் உட்பகுதி உருகி, நச்சு நீர் தேங்கி, பதினான்கு மாதங்கள் மூடிக்கிடந்ததும் உண்டு. அதிலிருந்து கிடைத்த கோபால்ட்டைக் கொண்டு செய்த மருத்துவக் கருவிகளுக்கு 'எல்டொராடோ' என்று பெயரிட்டனர். தங்க நகரம் என்ற பழங்கதைப் பெயர். ஆனால் அக்கருவிக்கு அப்பெயர் வந்தது கதையிலிருந்து அன்று. எல்டொராடோ என்ற சுரங்க நிறுவனத்திலிருந்து. அந்நிறுவனம் வடக்கே பெருங்கரடி ஏரிக் கரையில் ரேடியமும் யுரேனியமும் தோண்டியது. அதன் ஆலை அமெரிக்கக் குண்டுத் திட்டத்துக்கு யுரேனியம் தூய்மைசெய்து தந்தது. இரோசிமாவுக்கு வழி அமைத்தவற்றுள் ஒன்றான நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய கருவி, நோயைப் போக்க அடையாற்றுக்கு வந்தது.

1950-களின் பிற்பகுதியில், கனடா அணு ஆற்றல் நிறுவனத்தின் நன்கொடையாக 'எல்டொராடோ ஏ' கருவி புற்றுநோய் நிலையத்தில் நிறுவப்பட்டது. ஆசியாவிலேயே இதுதான் முதலாவது என்று நிலையம் தன் வரலாற்றில் குறித்துக்கொள்கிறது. யார் முதல் என்ற வழக்கில் நமக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. சில படுக்கைகளும் விரல்விட்டு எண்ணத்தக்க மருத்துவர்களும் கொண்டு, மாதாமாதம் ஊதியத்துக்கே நன்கொடையை எதிர்பார்த்திருந்த ஒரு சிறு மருத்துவமனை இதை ஏற்கத் துணிந்தது என்பதே நம்மை நிறுத்தி எண்ணச் செய்கிறது. ஏனெனில் இந்த நன்கொடையை வாங்கி வைத்தால் போதாது. ஈயக் கவசத்துள் அடைத்த கதிர் மூலத்துக்குத் தடித்த கான்கிரீட்டுச் சுவர் வேண்டும். கதிரின் அளவைக் கணிக்க இயற்பியலார் வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் கதிர் எந்தக் கோணத்தில், எவ்வளவு நேரம் என்று வரைந்து கணக்கிட வேண்டும்.

அதைவிடக் கடினம் ஒன்று உண்டு. இந்த நன்கொடை நாள்தோறும் தேய்ந்துகொண்டே இருக்கும். கோபால்ட்-60 ஐந்தே கால் ஆண்டில் தன் வலிமையில் பாதியை இழக்கிறது. அதாவது மாதத்துக்கு நூற்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஆகவே ஒவ்வொரு மாதமும் சிகிச்சை நேரத்தைத் திருத்தி எழுத வேண்டும். முதலாண்டில் இரண்டு நிமிடம் படுத்தவருக்கு ஈடான கதிரைப் பெற, ஐந்தாண்டு கழித்து வருபவர் ஏறத்தாழ நான்கு நிமிடம் படுக்க வேண்டும். வரிசை நீளும். நோயாளிகள் பெருகும்போது கருவி மெலியும். புதிய மூலத்துக்கு மறுபடி பொருள் திரட்ட வேண்டும். ஒரு தேவாலயத்துக்கு மணி வாங்கித் தருவதுபோல ஒருமுறை தந்து முடிக்கும் கொடையன்று இது. பெற்றவர் ஓயாது உழைத்தால்தான் கொடையாக நீடிக்கும்.

அடையாற்றில் அந்த உழைப்பு நிகழ்ந்தது. நம் நாட்டில் மிகுதியாகக் காணப்பட்டவை வாய்ப் புற்றும் கருப்பைவாய்ப் புற்றும். முன்னது வெற்றிலை புகையிலையோடு வந்தது, பின்னது ஏழைப் பெண்களை வாட்டியது. இரண்டுமே கதிருக்குக் கட்டுப்படக்கூடியவை. மேலைநாட்டுப் பாடநூல்களில் இவை சிறுபான்மை நோய்கள். ஆதலின் வழிகாட்ட நூல் இல்லை. கதிரோடு மருந்தையும் சேர்த்துத் தந்தால் முற்றிய வாய்ப் புற்றுக்குப் பயன் கிட்டுமா என்று கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் 1960-களில் செய்த ஆய்வுகள் வெளிநாட்டு மருத்துவ இதழ்களில் வெளிவந்தன. இன்று எங்கும் வழக்கமாகிவிட்ட கூட்டுச் சிகிச்சைக்கு அவை முன்னோடிகளுள் வைத்து எண்ணத்தக்கவை. 1981 முதல் சென்னை நகரத்தின் புற்றுநோய்ப் பதிவேட்டையும் அந்நிலையமே பேணி வருகிறது. முத்துலட்சுமி அம்மையார் 1968-இல் மறைந்தார், கிருஷ்ணமூர்த்தி 2010-இல், சாந்தா 2021 ஜனவரி 19-ஆம் நாள். மருத்துவமனை வளாகத்திலேயே எளிய அறையில் வாழ்ந்தவர் அவர். 2005-இல் மகசேசே விருது வந்தபோதும் அந்த அறை மாறவில்லை.

இனி அந்த மற்றொரு கதை. அடையாற்றுக்குக் கருவி வந்த அதே ஆண்டுகளில், அதே கனடா, இந்தியாவுக்கு வேறொரு நன்கொடையும் தந்தது. அது ஓர் அணு உலை. என்.ஆர்.எக்ஸ். உலையின் மாதிரியிலேயே அமைந்தது. 1953 டிசம்பரில் அமெரிக்கத் தலைவர் ஐசன்ஹோவர் ஐ.நா. அவையில் 'அமைதிக்கு அணு' என்று முழங்கியிருந்தார். 1955 ஆகஸ்டில் ஜெனிவாவில் கூடிய மாநாட்டுக்கு நம் ஹோமி பாபாவே தலைமை தாங்கினார். உலகெங்கும் நம்பிக்கை பெருகி ஓடிய காலம் அது. 1956 ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. உலையும் அதில் விளையும் பொருள்களும் அமைதிப் பணிகளுக்கே பயன்படும் என்று இந்தியா உறுதி கூறியது. ஆனால் அதைச் சென்று பார்க்கும் உரிமை எவர்க்கும் தரப்படவில்லை. கன நீரை அமெரிக்கா தந்தது. 1960 ஜூலை 10-ஆம் நாள் டிராம்பேயில் அவ்வுலை இயங்கத் தொடங்கியது. மூன்று நாடுகளின் பெயரையும் சேர்த்து 'சைரஸ்' என்றனர்.

சைரஸ் உலை நன்மை பல செய்தது என்பதை மறுப்பதற்கில்லை. மருத்துவத்துக்கும் தொழிலுக்கும் வேண்டிய ஐசோடோப்புகளை அது ஐம்பது ஆண்டுகள் ஆக்கித் தந்தது. நூற்றுக்கணக்கான இளம் பொறியாளர்கள் அங்கே கற்றனர். ஆனால் அதன் எரிபொருளிலிருந்து பிரித்தெடுத்த புளூட்டோனியமே 1974 மே 18-ஆம் நாள் பொக்ரானில் நிலத்தடியில் வெடித்தது. அரசு அதற்கு இட்ட பெயர் 'அமைதி வழி அணு வெடிப்பு'.

இந்தச் சொற்றொடரை நாம் எளிதில் கடந்து போக முடிவதில்லை. மலைகளைப் பிளக்கவும், துறைமுகம் தோண்டவும், எண்ணெய் எடுக்கவும் அணு வெடி உதவும் என்ற வாதம் அன்று வெறும் சாக்காக மட்டும் இருக்கவில்லை; அமெரிக்காவும் சோவியத் நாடும் அவ்வாறு வெடித்துப் பார்த்தவையே. எனினும் 1998-இல் அதே பொக்ரானில் மீண்டும் வெடித்தபோது 'அமைதி' என்ற அடைமொழி தேவைப்படவில்லை. முன்னர் சொன்னது என்ன பொருளில் என்பது அப்போது விளங்கிற்று. நாட்டின் பாதுகாப்பைக் கருதிச் செய்தது என்போர் உண்டு. அண்டை நாடுகளின் படைக்கலங்களை நோக்கினால் அவ்வாதம் வலிமையற்றது என்றும் சொல்ல மாட்டோம். நாம் வருந்துவது சொல் ஒன்று பாழ்பட்டதற்காக. எல்டொராடோவும் சைரசும் ஒரே மரத்தின் இரு கனிகள். ஒரே நாட்டின் நல்லெண்ணத்தில் வந்தவை. இரண்டின்மீதும் எழுதியிருந்த சொல் ஒன்றே. அடையாற்றில் அச்சொல்லை மாதந்தோறும் கணக்குப் போட்டுக் காத்தனர். டிராம்பேயில் கணக்குக் கேட்க ஆள் இருக்கவில்லை.

1974-க்குப் பின் கனடா தன் அணு உதவிகளை நிறுத்திக்கொண்டது. இராஜஸ்தானில் கனடா கட்டிக்கொண்டிருந்த இரண்டாவது மின் உலை பாதியில் நின்றது. இந்தியப் பொறியாளர்கள் தாமே முயன்று 1981-இல் முடித்தனர். அந்தத் தண்டனையின் பயனாக வளர்ந்ததுதான் நம் கல்பாக்கம். அடையாற்றிலிருந்து கடற்கரை வழியே தெற்கு நோக்கிச் சென்றால் ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். 1983 ஜூலையில் அங்கே இயங்கிய மின் உலை, வெளியார் துணையின்றி இந்தியர் கட்டிய முதலாவது. 1985-இல் வேக ஈனுலையும், 1996-இல் தோரியத்திலிருந்து பெற்ற எரிபொருளால் இயங்கும் 'காமினி' என்ற சிற்றுலையும் அங்கே எழுந்தன. முப்பது கிலோவாட் மட்டுமே ஆற்றல் கொண்ட காமினியின் நியூட்ரான் கதிரால், எக்ஸ் கதிருக்குப் புலப்படாத உட்குறைகளைப் படம் பிடிக்கலாம். விண்கலப் பொறிகளின் சிறு வெடிப்பாகங்கள் அங்கே சோதிக்கப்படுகின்றன.

தொழிலில் இதன் பயன் இன்னும் பரவலானது, ஆனால் ஓசையற்றது. திருச்சியில் கொதிகலன் செய்வோர், குழாய்களின் பற்றவைப்பில் குறையுண்டா என்பதை இரிடியம்-192 என்ற ஐசோடோப்பின் கதிரால் படமெடுத்துப் பார்ப்பர். பொக்ரான் வெடித்த அதே 1974-இல்தான் டிராம்பேயில் 'ஐசோமெட்' என்ற நிலையம் தொடங்கியது. பொதியில் அடைத்து மூடிய மருத்துவப் பொருள்கள் அங்கே கோபால்ட் கதிரில் நனைந்து, பொதி பிரிக்கப்படாமலேயே கிருமி நீங்கி வெளிவருகின்றன. செய்தித்தாள்களின் முதற்பக்கம் எதற்குக் கிடைத்தது என்று சொல்ல வேண்டியதில்லை. மருத்துவக் கோபால்ட்டும் இப்போது நம் நாட்டு மின் உலைகளிலேயே விளைகிறது. 'பாபாட்ரான்' என்ற இந்தியக் கருவி 2005 முதல் புற்றுநோய் மருத்துவமனைகளுக்குச் செல்கிறது. ஒன்று வியட்நாமுக்கு நன்கொடையாகவும் சென்றது. ஒருகாலத்தில் கை நீட்டி வாங்கியவர்கள் இன்று தருகிறார்கள்.

திருச்சபை இவ்விஷயத்தில் வாளாவிருக்கவில்லை. 1943 பிப்ரவரியில், குண்டு என்ற ஒன்றைப் பொதுமக்கள் கேள்விப்படாத நாளிலேயே, திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அறிவியல் கழகத்தாரிடம் யுரேனியக் கருப்பிளவைக் குறிப்பிட்டு, அது பேரழிவாக மாறாதிருக்க வேண்டுமெனக் கவலை தெரிவித்தார். 1957-இல் வியன்னாவில் பன்னாட்டு அணு ஆற்றல் முகமை அமைந்தபோது, திருப்பீடம் தொடக்கத்திலேயே அதன் உறுப்பாயிற்று. ஓர் உலையும் இல்லாத, ஒரு குண்டும் வேண்டாத நாடு அங்கே இருக்கை கேட்டுப் பெற்றது. 1963-இல் இருபத்துமூன்றாம் யோவானின் 'அவனியில் அமைதி' அணுப்படைக்கலங்கள் தடை செய்யப்பட வேண்டும் என்றது. 2019 நவம்பரில் இரோசிமாவில் நின்று திருத்தந்தை பிரான்சிஸ், போருக்கு அணு ஆற்றலைப் பயன்படுத்துவது அறநெறிக்கு மாறானது என்றார்.

மின்சாரத்துக்கான உலை பற்றி அவ்வளவு தெளிவாக எவரும் பேசியதில்லை. இங்கே நம் மக்களே இருபுறமும் நிற்கிறார்கள். 2011 முதல் கூடங்குளம் உலைக்கு எதிராக மீனவ மக்கள் கூடியிருந்தது இடிந்தகரை லூர்து மாதா ஆலய வளாகத்தில்தான். அதே உலைகளிலும் ஆய்வுக் கூடங்களிலும் பணிபுரியும் கத்தோலிக்கர் ஞாயிறு திருப்பலியில் நம்மோடு மண்டியிடுகின்றனர். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை கல்பாக்கத்தில் புகுந்தபோது உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. ஊழியர் குடியிருப்பிலோ உயிர்கள் பறிபோயின. முன்னதை ஒருவர் சான்றாகக் காட்டுவார், பின்னதை மற்றொருவர். நம் கருத்தைச் சொல்வதானால், இடிந்தகரை மக்கள் கேட்ட கேள்விகளுள் பெரும்பாலானவை உலை வேண்டுமா என்பதைவிடக் கணக்கை எங்களுக்குக் காட்டுவீர்களா என்பதே. அக்கேள்வியைக் குற்றமாகக் கருதி அவர்கள்மீது வழக்குகள் பதிந்தது தகாத செயல்.

கணக்குத் தவறினால் மருத்துவக் கதிரும் கொல்லும் என்பதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1987 செப்டம்பரில் பிரேசிலின் கொயானியா நகரில், கைவிடப்பட்ட சிகிச்சை நிலையத்தில் கிடந்த கருவியைப் பழைய இரும்புக்காக இருவர் உடைத்தனர். உள்ளேயிருந்த சீசியத்தூள் இருளில் நீலமாக ஒளிர்ந்தது. அழகாயிருக்கிறதே என்று வீட்டுக்கு எடுத்துச் சென்றனர். குழந்தைகள் உடலில் பூசி விளையாடினர். நால்வர் மாண்டனர், ஒருத்தி ஆறு வயதுச் சிறுமி. 2010-இல் தில்லி மாயாபுரியில் நடந்தது இன்னும் நெருக்கமானது. பல்கலைக்கழகம் ஒன்றில் நெடுநாள் பயன்படாது கிடந்த ஆய்வுக் கருவியை ஏலத்தில் விற்றனர். பழைய இரும்புக் கடையில் அதைப் பிளந்தபோது உள்ளே இருந்தது கோபால்ட்-60. கடைத் தொழிலாளி ஒருவர் இறந்தார்; வேறு பலர் நோயுற்றனர். அந்தக் கருவியும் கனடாவிலிருந்து, அதே நிறுவனத்திடமிருந்து வந்ததுதான். வாங்கியவர்கள் ஓய்வு பெற்றுச் சென்றபின், உள்ளே என்ன இருக்கிறது என்பதை நினைவில் வைத்திருக்க எவரும் இல்லாது போயிற்று. கொடையைப் பெற்ற ஓரிடத்தில் கணக்கேடு இருந்தது, மற்றோரிடத்தில் இல்லை.

கோபால்ட் கருவியின் காலமும் மெல்ல மாறி வருகிறது. பெரிய மருத்துவமனைகளில் 'லினாக்' எனப்படும் நேர்கோட்டு முடுக்கிகள் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன. அடையாற்றுக்கு அவ்வகைக் கருவி 1970-களிலேயே வந்துவிட்டது. அதனுள் கதிரியக்க உலோகம் எதுவும் இல்லை, தேய்வதும் இல்லை, பொத்தானை நிறுத்தினால் கதிர் நின்றுவிடும். எலெக்ட்ரான்களை மின்னாற்றலால் விரட்டி உலோகத் தகட்டில் மோதவிட்டுக் கதிரைப் பெறுகிறார்கள். ஆக, கால்வாய்க் கரையில் காத்திருக்கும் நோயாளி இன்று கரண்டு வைக்கிறார்கள் என்று சொன்னால் அதில் பிழையொன்றும் இல்லை. அந்தக் கரண்டில் ஒரு பங்கு வருவது கல்பாக்கத்திலிருந்தும் கூடங்குளத்திலிருந்தும்.